ஈன்று எரிக்கும் அணுஉலை: கணக்கு வருகிறது, எஃகு தாங்குமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டது, ஆகஸ்ட் 4, 2025

அண்ணா, செறிவூட்டலில் கழித்துப்போட்ட யுரேனியத்தை உள்ளே வைத்து மூடிவிட்டால், நாற்பது ஐம்பது வருஷம் தானே எரிபொருளை உண்டாக்கி, தானே எரித்துக்கொள்ளும் 'ஈன்று எரிக்கும் உலை' இருக்கிறதாம். எரிந்த எரிபொருளைப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் மறுபதப்படுத்தல் வேண்டாம். திரும்பத் திரும்பச் செறிவூட்டவும் வேண்டாம். பில் கேட்ஸ் பணம் போட்டிருக்கிறார். கணக்கெல்லாம் சரியாகத்தான் வருகிறது. நிலக்கரியையே நம்பிக் கிடக்கும் நம் தென்னாப்பிரிக்காவில் இதை ஏன் கட்டக் கூடாது?

ஆகஸ்ட் 4, இரவு

கணக்கு வரும், அதில் சந்தேகம் வேண்டாம். நான் அணுஉலைக்காரன் இல்லை. திருச்சியில் பாய்லர் வேலை கற்று, ம்புமலங்கா மாகாணத்தின் அனல் மின் நிலையங்களில் பல வருஷம் குழாய் பரிசோதித்து, இப்போது டர்பனில் இருப்பவன். ஆனால் இந்த உலையின் தலையெழுத்து கடைசியில் என் தொழில் பக்கம்தான் வந்து நிற்கிறது. அதனால் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இயற்கை யுரேனியத்தில் 99.3 சதவீதம் 238 வகை. இது எளிதில் பிளவுபடாது. எளிதில் பிளவுபடும் 235 வகையின் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். ஆனால் ஒரு நியூட்ரானை விழுங்கினால் யுரேனியம் 239 ஆகும்; அதன் அரை ஆயுள் இருபத்து மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். அப்புறம் நெப்டியூனியம், அதற்கு இரண்டரை நாளுக்குள். அதிலிருந்து புளூட்டோனியம் 239. இது நன்றாக எரியும். எரிபொருளை உண்டாக்கும் சாதாரண ஈனுலையில் இந்தப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்துப் புது எரிபொருளாகச் செய்வார்கள். நீ சொல்லும் உலையில் அது பிறந்த எரிபொருள் கம்பியிலேயே எரிகிறது.

சோவியத் விஞ்ஞானி ஃபெயின்பர்க் 1958லேயே இதைச் சொன்னார். 1990களில் எட்வர்ட் டெல்லரும் லோவல் வுட்டும் எடுத்துப் பேசினார்கள். 2000களின் தொடக்கத்தில் டோக்கியோவில் செக்கிமோட்டோ தன் வடிவத்துக்கு 'கேண்டில்' என்றே பெயர் வைத்தார். எரியும் பகுதி, உலையில் எரிபொருள் இருக்கும் நடுப்பகுதியான கருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்ந்து போகும். இத்தனை பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கு ஒன்றுபோல வருகிறது. இயற்பியலில் ஓட்டை இல்லை.

ஆகஸ்ட் 5

ஒன்று விட்டுப்போயிற்று. 'செறிவூட்டல் வேண்டாம்' என்பது முதல் கொள்ளி வைத்த பிறகுதான். கழித்துப்போட்ட யுரேனியம் தானாகப் பற்றாது. தொடக்கத்தில் பல டன் செறிவூட்டிய யுரேனியமோ புளூட்டோனியமோ வேண்டும். அதை யார் தருவார்கள் என்பது சின்னக் கேள்வி இல்லை. 2022 கடைசியில் பில் கேட்ஸ் பணம் போட்ட டெராபவர் நிறுவனம், அமெரிக்காவின் வயோமிங்கில் கட்டும் தன் உலையைக் குறைந்தது இரண்டு வருஷம் தள்ளிவைத்தது. வேண்டிய அளவு செறிவூட்டிய யுரேனியத்தை வியாபார அளவில் விற்கக்கூடிய ஒரே இடம் அப்போது ரஷ்யாதான். உக்ரைன் போருக்குப் பிறகு அங்கே வாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 7

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இது நியூட்ரானின் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டும் வேக உலை. அதில் புளூட்டோனியம் 239 ஒரு நியூட்ரானை ஏற்றால், சராசரியாக இரண்டரைக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பக் கிடைக்கும். அதில் ஒன்று தொடர்வினையை நடத்த வேண்டும். இன்னொன்று புதுப் புளூட்டோனியம் உண்டாக்க வேண்டும். மிச்சம் அரை நியூட்ரான்கூட இல்லை. குளிர்விக்க ஓடும் சோடியம், எஃகு, பிளவில் உண்டான குப்பை எல்லாம் தின்பது போக, வெளியே கசிவதற்கும் அந்த மிச்சத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். 

புதிதாக உள்ளே வைத்த கம்பி முதல் சில வருஷம் அக்கம்பக்கத்திலிருந்து நியூட்ரானைக் கடன் வாங்கிக்கொண்டே இருக்கும். தன்னிடம் புளூட்டோனியம் சேர்ந்த பிறகுதான் திருப்பித் தரும். வாங்கிய கடன் முழுதும் அடைய, கம்பியிலுள்ள அணுக்களில் சுமார் 20 சதவீதம் எரிய வேண்டும். அதற்கு முன்னால் எடுத்துவிட்டால் உலை அணைந்துபோகும். கேப்டவுனுக்கு வடக்கே குபர்க்கில் ஓடும் நீர் உலைகளைப் போன்றவற்றில் எரிபொருள் ஐந்து சதவீதம் அளவுக்கு எரிந்ததுமே வெளியே வந்துவிடும். செக்கிமோட்டோ கணக்கில் நாற்பது சதவீதம்!

எரிபொருளை மூடியிருப்பது சுமார் அரை மில்லிமீட்டர் எஃகு உறை. அது அத்தனை காலமும் நியூட்ரான் மழையில் நிற்க வேண்டும். எஃகில் ஒவ்வோர் அணுவும் சராசரியாக எத்தனை முறை தன் இடத்திலிருந்து உதைத்துத் தள்ளப்பட்டது என்பதற்கு டி.பி.ஏ. என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இருபது சதவீதம் எரிக்க, அதிகம் அடிபடும் இடத்தில் அது 500 அளவுக்குப் போகும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் 1992 வரை ஓடிய சோதனை உலையில் எச்.டி.9 என்ற எஃகு சுமார் 200 வரை பார்த்திருக்கிறது. அதற்கு மேல் நிஜ வேக உலையில் வைத்துப் பார்த்த சான்று கிட்டத்தட்ட இல்லை.

இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே இருக்கிறது நீ கேட்ட கேள்விக்குப் பதில்.

ஆகஸ்ட் 7, மறுபடியும்

எச்.டி.9 என்றதும் எனக்கு ஏன் தூக்கம் போனது என்று சொல்லிவிடுகிறேன். அது ஸ்வீடனின் சாண்ட்விக் நிறுவனம் அனல் மின் நிலையங்களுக்காக உருவாக்கிய எஃகு. பன்னிரண்டு சதவீதம் குரோமியம், ஒரு சதவீதம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம், டங்ஸ்டன். டங்ஸ்டனை விட்டுவிட்டால் ஏறக்குறைய எங்கள் எக்ஸ் 20. தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காமின் பழைய நிலையங்களில் நீராவிக் குழாய்கள் நிறைய இந்த எஃகுதான். கையால் தொட்டு, அறுத்து, தேய்த்துப் பார்த்த பொருள்.

ஷட்டவுனில் குழாய்ப் பரப்பின் நகலான ரெப்ளிகா எடுப்போம். வளைவுப் பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடத்தைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்து, படிப்படியாகப் பாலிஷ் செய்து கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். பஞ்சில் அமிலம் தொட்டு ஒற்றினால் பளபளப்பு மங்கும். ஆல்கஹால் ஊற்றிக் கழுவி, அசிட்டோனில் நனைத்த படலத்தை மேலே ஒட்டி, காய்ந்ததும் உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். நல்ல குழாய் என்றால் ஊசி ஊசியாகக் கோடுகள் தெரியும். வயதான குழாயில் எஃகின் நுண்ணிய படிக மணிகளின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி. ஒரு புள்ளி இருந்தால் குறித்துவைப்போம். புள்ளிகள் வரிசை கட்டினால் குழாயை மாற்றச் சொல்லி எழுதுவோம்.

ஒரு நிலையத்தில் அப்படி எழுதிக்கொடுத்தேன். அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஷட்டவுன் வருவதற்குள் வளைவு பிளந்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லை. அங்கே குளிர்ந்த பிறகு ஏணி வைத்து ஏறி, அறுத்து மாற்ற முடிந்தது. அணுஉலைக்குள் இருக்கும் உறைக்கு யார் ஏணி வைத்து ஏறுவது? அதனால்தான் எனக்கு இதில் இத்தனை பிடிவாதம்.

ஆகஸ்ட் 9

பிரிட்டோரியாவிலிருந்து ஒரு ஐயா கேட்கிறார்: "கல்பாக்கத்தில் 1985லிருந்து சோதனை ஈனுலை ஓடுகிறதே, அது போதாதா?"

ஐயா, கல்பாக்கத்தை நினைத்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் நீங்கள் சொல்வது வேறு வழி. அங்கே எரிபொருளை எடுத்து, மறுபதப்படுத்தி, புது உறை போட்டுத் திரும்ப வைப்பதுதான் திட்டம். அதனால் உறைக்கு அவ்வளவு அடி விழ வேண்டியதில்லை. சோடியம் வேக உலையைப் பல வருஷம் ஓட்ட முடியும் என்று ரஷ்யாவில் 1980 முதல் ஓடும் பி.என்.600 காட்டியிருக்கிறது. கல்பாக்கத்திலேயே 500 மெகாவாட் உலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கி, 2024 மார்ச்சில்தான் கருவை நிரப்பத் தொடங்கினார்கள். தெரிந்த வழிக்கே இருபது வருஷம்.

ஈன்று எரிப்பதன் கவர்ச்சியே மறுபதப்படுத்தும் ஆலை வேண்டாம் என்பதில் இருக்கிறது. ஆலை செய்ய வேண்டிய வேலை அத்தனையும் அந்த அரை மில்லிமீட்டர் உறை தலையில் விழுகிறது.

ஆகஸ்ட் 10

தம்பி கேட்கிறான்: "500 வரை சோதித்துப் பார்த்துவிட்டால் போயிற்றே?"

எங்கே சோதிப்பது? பிரிட்டோரியா பக்கத்துப் பெலிண்டாபாவில் 1965 முதல் ஓடும் சஃபாரி 1 தண்ணீருக்குள் இருக்கும் ஆராய்ச்சி உலை. மருத்துவ ஐசோடோப்புகளுக்குப் பல நாடுகள் அதை நம்பியிருக்கின்றன. இந்த வேலைக்கு அது ஆகாது. வேக நியூட்ரான் வேண்டும். ரஷ்யாவின் பார் 60 போன்ற உலையில் ஆண்டுக்கு இருபது டி.பி.ஏ. சுமாராகக் கிடைக்கும். இருபத்தைந்து வருஷம் ஒரே துண்டை உள்ளே வைத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு வார்ப்பு, ஒரு வெப்பநிலை. எஃகைச் சூடாக்கிப் பதனப்படுத்தும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

ஏன் இவ்வளவு பயம் என்றால், முன்பு பட்ட அனுபவம். 1967இல் ஸ்காட்லாந்தின் டவுன்ரே உலையில் எரிபொருள் உறையாக இருந்த ஸ்டெயின்லெஸ் எஃகை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள். உலோகம் உப்பியிருந்தது. அதுவரை யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. உப்பினால் கம்பிகள் வளையும், சோடியம் போகும் வழி அடைபடும். எச்.டி.9 வகை எஃகு உப்புவதற்கு நாளாகும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாளாகும் என்றால், உப்பவே உப்பாது என்று ஆகாது.

ஆகஸ்ட் 13

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா: "உங்கள் எஃகுக் கதை இருக்கட்டும். மின்வெட்டு ஸ்டேஜ் ஆறு வந்தபோது என் கடையில் ஃப்ரீசர் முழுக்கக் கறி கெட்டுப்போனது. எது வந்தால் எங்களுக்குக் கரண்ட் வரும்?"

நியாயமான கேள்வி அக்கா. 2022, 2023இல் நாம் பட்டது கொஞ்சமா? 2025 குளிர்காலம் மே நடுவிலிருந்து லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு இல்லாமல் ஓடியிருக்கிறது. அதற்குக் காரணம் புது உலை எதுவும் இல்லை. இருக்கிற நிலையங்களைப் பழுது பார்த்ததும், ஊரெல்லாம் கூரையில் சோலார் ஏறியதும். குபர்க்கில் நீராவி ஜெனரேட்டர்களை மாற்றி, முதல் உலைக்கு 2044 வரை உரிமம் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த பத்து வருஷத்துக்கு உங்கள் ஃப்ரீசரைக் காப்பாற்றப் போவது இவைதான். ஈன்று எரிக்கும் உலையைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 13, பின்னிரவு

அக்காவுக்கு எழுதியதைப் படித்தபோது மனசு கேட்கவில்லை. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

ஒரு கிராம் எரிபொருள் பிளந்தால் சுமார் ஒரு மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுக்க. ஆயிரம் மெகாவாட் மின்சாரம் ஒரு வருஷம் ஓட, உள்ளே ஏறக்குறைய ஒரு டன் பிளந்தால் போதும். இருபது சதவீதம் எரியும் உலை என்றால் வருஷத்துக்கு ஐந்து டன் கழித்துப்போட்ட யுரேனியம் உள்ளே போட்டால் போதும். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி முப்பது லட்சம் டன்னுக்கு மேல். நிலக்கரி ஊரான விட்பேங்கில் குளிர்காலக் காலையில் துணி காயப்போட்டவர்களுக்கு அந்த முப்பது லட்சம் டன்னின் அர்த்தம் தெரியும். மாலையில் எடுக்கும்போது வெள்ளைச் சட்டைக் கழுத்தில் கரி. என் மனைவி ஈரத் துணியால் ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவாள். சின்னவனுக்கு இன்ஹேலர் அங்கேதான் தொடங்கியது.

அமெரிக்காவில் கழித்துப்போட்ட யுரேனியம் ஃப்ளோரைடாகச் சுமார் ஏழு லட்சம் டன் உருளைகளில் கிடக்கிறது. இங்கே விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கத்தோடு கூடவே யுரேனியம் வருகிறது. இந்த உலை நடந்துவிட்டால் சுரங்கமே தோண்டாமல் நூற்றாண்டுகள் ஓட்டலாம். அதனால்தான் நடக்காது என்று சொல்லிக் கதவைச் சாத்த எனக்கு விருப்பம் இல்லை. எங்கே தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 16

டெராபவர் கதை கேட்டிருந்தீர்கள். முதலில், எரியும் பகுதி மெல்ல நகர்ந்து போகும் 'பயண அலை' வடிவம். பிறகு 2011 வாக்கில் அலையை ஒரே இடத்தில் நிறுத்தி, எரிபொருளை உலைக் கலத்துக்குள்ளேயே இடம் மாற்றுவது என்று திருத்தினார்கள். நல்ல திருத்தம். அலை தானாக நகரும் வடிவில் முனைக்கு முனை வெப்பம் மாறிக்கொண்டே இருக்கும், குளிர்விப்பது சிரமம். 2017இல் சீன அரசு நிறுவனத்தோடு கூட்டு. 2018 அக்டோபரில் அமெரிக்கா அணுத்தொழில்நுட்ப ஏற்றுமதி விதிகளை இறுக்கியதும் அது முடிந்தது. இப்போது வயோமிங்கில் கெமரர் என்ற ஊரில் கட்டுவது நேட்ரியம். 345 மெகாவாட், சோடியம் உலை, பக்கத்தில் உருகிய உப்பில் வெப்பச் சேமிப்பு. அது ஈன்று எரிக்கும் உலை இல்லை தம்பி. செறிவூட்டிய யுரேனியம் போட்டு, எரிந்ததும் எடுக்கும் உலை. இந்த எண்ணத்துக்கு நிறையச் செலவழித்த நிறுவனம் முதலில் கட்டுவது இதை. எஃகு பற்றி நான் சொல்வதைவிட இது பெரிய சாட்சி.

ஆகஸ்ட் 17

தோரியம் போடலாமே, மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது, இங்கே ஸ்டீன்காம்ப்ஸ்க்ராலில் இருக்கிறது என்று இரண்டு பேர். இந்த உலைக்குப் போடக் கூடாது. தோரியத்திலிருந்து வரும் யுரேனியம் 233 வேக உலையில் அவ்வளவு நியூட்ரான் தருவதில்லை. இருக்கிற அரை நியூட்ரான் மிச்சமும் போய்விடும். தோரியத்துக்கு வேறு உலைகள் உண்டு.

ஆகஸ்ட் 21

எஃகு ஒன்றுதான் தடை என்று நான் எழுதியதாகப் பிரிட்டோரியா ஐயா எடுத்துக்கொண்டார். பெரிய தடை அது. இன்னும் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, சோடியம் கொதித்து வெற்றிடமானால் பெரிய வேக உலையில் வினை கூடும். அதைக் குறைக்கக் கருவைத் தட்டையாகவோ சின்னதாகவோ செய்து நியூட்ரானைக் கசியவிடுவார்கள். ஈன்று எரிக்கும் உலைக்கோ கசிவு ஆகவே ஆகாது, பெரிய பருத்த கரு வேண்டும். ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெடுகிறது. 1986 ஏப்ரலில் ஐடஹோவில் இ.பி.ஆர். 2 உலையின் முழுத் திறனில் பம்புகளை நிறுத்தி, கட்டுப்பாட்டுக் கம்பி இறக்காமலே அது தானாக அடங்குவதைக் காட்டினார்கள். அருமையான சோதனை. ஆனால் அது சின்னக் கரு. அதைக் காட்டி இதற்குச் சான்றிதழ் தர முடியாது.

இரண்டாவது, வேதியியல். உலோக எரிபொருளின் யுரேனியமும் உறையின் இரும்பும் சேர்ந்தால் 725 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகும். எரிய எரிய, பிளவில் உண்டாகும் லாந்தனைடு உலோகங்கள் வெளிப்பக்கம் நகர்ந்து உறையை உள்ளிருந்து அரிக்கும். இருபது சதவீதம் எரியும்போது அரிப்பதற்குச் சரக்கும் நிறைய.

ஆகஸ்ட் 24

வழிகள் உண்டு. பெர்க்லியில் ஒரு குழு, கம்பியைப் பக்கவாட்டில் மட்டும் அல்லாமல் மேலும் கீழுமாக இடம் மாற்றினால் 500ஐ 350 பக்கம் இறக்கலாம் என்று கணக்கிட்டது. இன்னொன்று, பாதி வழியில் உறையைக் கழற்றி, எரிபொருளை உருக்கி வாயுக்களைப் போகவிட்டு, புது உறை போடுவது. புளூட்டோனியத்தைப் பிரிக்கத் தேவையில்லை. இ.பி.ஆர். 2 எரிபொருளை 1960களில் உருக்கிச் சுத்தம் செய்து திரும்ப வைத்த அனுபவம் இருக்கிறது. எனக்கு இதில்தான் நம்பிக்கை. குழாய் தேய்ந்தால் குழாயை மாற்று, இதுதான் எங்கள் தொழில். மூடிவிட்டு மறந்துவிடலாம் என்ற ஆசையைக் கைவிட்டால் இந்த உலை பக்கத்தில் வந்துவிடும்.

உருகிய குளோரைடு உப்பில் எரிபொருளைக் கரைத்துவிட்டால் உறையே கிடையாது. ஆனால் சாதாரண குளோரினில் முக்கால்வாசி 35 வகை; அது நியூட்ரானைத் தின்று மூன்று லட்சம் வருஷ அரை ஆயுள் உள்ள குளோரின் 36 ஆகும். 37 வகையைப் பிரித்தெடுத்து நிரப்ப வேண்டும். கலமும் மிகப் பெரிதாக வேண்டும்.

ஆகஸ்ட் 30

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டு வேலை, நமக்கு எதற்கு" என்று ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. எரிபொருளை உருண்டைகளாகப் போடும் கூழாங்கல் உலையை இந்த நாடு 1990களிலிருந்து வளர்த்தது. எரிபொருள் உருண்டையைப் பெலிண்டாபாவிலேயே செய்தார்கள். 2010இல் அரசு பணத்தை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் அமெரிக்காவின் எக்ஸ் எனர்ஜிக்குப் போய், அதே வகை உலையை அங்கே வடிவமைக்கிறார்கள். திறமை இங்கே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. கலைந்துபோகவிட்டோம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 3

மேல்படிப்புக்கு எதை எடுப்பது என்று தம்பி தனியாகக் கேட்டான். மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

உலைக் கணக்கு போட ஆள் நிறைய. எஃகு பார்க்க ஆள் குறைவு. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் எக்ஸ் 20இன் க்ரீப் (சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகம் மெல்ல நீள்வது) பற்றி எஸ்காமுக்காக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. முன்பு போர்ட் எலிசபெத் என்றிருந்த க்ராபேர்காவில் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் மையத்தில் அணு அளவுக்குப் பார்க்கலாம். அங்கே போய் ஓர் எக்ஸ் 20 குழாய்த் துண்டைப் பார்த்துப் பழகு.

வேக உலை இல்லாமலேயே எஃகை அடித்துப் பார்க்கும் ஒரு வழி இருக்கிறது. அயனிக் கற்றையால் சில நாளில் நூற்றுக்கணக்கான டி.பி.ஏ. ஏற்றிவிடலாம். ஆனால் அடி விழுவது மேலே ஒன்றிரண்டு மைக்ரான் ஆழத்துக்குத்தான். நிஜ உலையில் இருபத்தைந்து வருஷம் மெல்ல விழும் அடி இதில் ஒரு வாரத்தில் விழுகிறது. உள்ளே ஹீலியம் சேரும் விதமும் வேறு. அந்த மெல்லிய தோலில் அளந்த உப்பலை அரை மில்லிமீட்டர் சுவருக்கு எந்தத் தைரியத்தில் நீட்டுகிறார்கள் என்று நேர்முகத்தில் உன் பேராசிரியரிடம் கேள். அவர் சொல்லும் பதிலை இங்கே எழுது.